இருபதுக்கு முட்டை

இந்தத் தடவையும் இருபதுக்கு முட்டை.

டீச்சர் திரையை முறைத்தாள். கேள்விக்கு நாலு விடை கொடுத்து, அதில் ஒன்றைத் தொடச் சொல்லும் ஆங்கிலப் பரீட்சை அது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட நாலைந்து தேறும். கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றி ஓய்வுபெற்ற இந்தப் பெரியவருக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை.

தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஃபோனில் தொண்டை வற்றக் கத்தியதற்கு இதுதான் பலன்.

"ஐயா, 'அன்ஈஸி'ன்னா சந்தோஷம்னு போட்டிருக்கீங்க!"

"அப்படி இல்லையா டீச்சர்?"

"மனசு ஒரு நிலையில இருக்காதுங்கய்யா. ஏன்னு சொல்லத் தெரியாது. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது."

"எப்ப அப்படிச் சொல்லலாம்? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்."

"வீட்டுல நம்ம குரலைத் தவிர வேற சத்தமே இல்லேன்னா..." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். புத்தகத்தில் இருந்த உதாரணம் வேறு, இது அவளுடையது.

"புரியுது டீச்சர்," என்றார் அவர் மெதுவாக.

"புரிஞ்சா சரி. தேறிட்டீங்கன்னா அடுத்த வகுப்பு, வேற டீச்சர். என் தொல்லை விட்டுச்சு!" கலகலப்பாகச் சொல்லப் பார்த்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை. "நாலு தடவை ஃபெயில் ஆயிட்டீங்கய்யா. அஞ்சாவது தடவையும் போச்சுன்னா, எனக்குப் பாடம் நடத்தத் தெரியலன்னு வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இப்பவே எழுதிடறேன் டீச்சர்."

எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். மூன்றே நிமிடத்தில் திரையில் மதிப்பெண் வந்து விழுந்தது.

இருபதுக்கு இருபது. வேலை தப்பியது. துள்ளிக் குதிக்க வேண்டியவள் அப்படியே நின்றாள்.

"ஐயா... அத்தனையும் சரி! இவ்வளவு தெரிஞ்சவர் எப்படிங்கய்யா இத்தனை நாளா...?"

"பார்த்துப் பார்த்துத் தப்பா போட்டேன் டீச்சர். தேறிட்டா, நாளைக்கு உங்க ஃபோன் வராதே!"