பதிவேட்டில் இருந்த சொல்

செய்தித்தாள் சுற்றிய கனத்த தடியுடன் அந்துவான் கோயிலுக்குள் வந்தார். அவர் கைத்தடி ஊன்றுகிறவர் அல்ல. எண்பது வயதிலும் முதுகு வளையாதவர். சுற்றுலா வழிகாட்டி தாமரைச்செல்வி அந்தத் தடியையே பார்த்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். மேலே மாடத்தில் பாடகர் குழு, ஆண்டவர் பாடுபட்ட பாட்டின் ஒரே வரியை விடாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கோயிலின் பழைய குழாய் ஆர்கனை நாற்பது வருடம் வாசித்தவர் அந்துவானின் தாத்தா சவரிநாதர் என்பது ஊரே சொல்லும் கதை. தாமரைச்செல்வியும் இரண்டு வருடமாகச் சுற்றுலாக்காரர்களிடம் அதைத்தான் சொல்லி வந்தாள். அந்துவானின் பேத்தி இனியாவைப் பெண் கேட்டுப் பிரான்சிலிருந்து வந்திருப்பவர்களும் அந்தப் பெயருக்காகவே வந்தவர்கள். மாப்பிள்ளையின் அப்பா அங்கே ஒரு பாடகர் குழுவை நடத்துகிறார்.

வியாழக்கிழமை கோயில் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, சவரிநாதர் பெயருக்கு நேராக ‘சுஃப்லேர்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்ததை அவள் பார்த்தாள். போனில் அர்த்தம் தேடினாள். ஆர்கனுக்குக் காற்று போக, பக்கத்தில் நின்று துருத்தி அடிக்கும் கூலியாள். வாசித்தவர் என்று வேறொருவர் பெயர் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டது. அந்துவான் நின்றிருந்தார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்.

“இத யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்லீங்க ஐயா.”

அவர் முகம் இன்னும் இறுகியது. “சனிக்கெழம சம்பந்தி வூட்டுக்காரங்க சுத்திப் பாக்க வராங்க. எங்க குடும்பத்துப் பேரு ஒன் வாயிலதான் இருக்குது. பாத்துப் பேசு.”

இன்று அந்தச் சனிக்கிழமை.

மாப்பிள்ளையின் பெற்றோரையும் இன்னும் நாலு பேரையும் அழைத்துக்கொண்டு அவள் மாடத்துக்கு மரப்படி ஏறினாள். அந்துவான் கடைசியாக வந்தார். படிக்கு ஒரு தரம் அந்தத் தடி மரத்தில் இடித்தது. சத்தம் அவள் பிடரியில் விழுவது போலிருந்தது.

பாடகர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்வரிசையில் நின்ற இனியா தாத்தாவின் கையைப் பார்த்தாள். அவள் குரல் மட்டும் பாட்டிலிருந்து நழுவியது.

ஆர்கன் பெரிய அலமாரி போல நின்றது. அதன் பக்கவாட்டில், எதையோ பிடுங்கி எடுத்த இடமாக, ஒரு சதுரத் துளை காலியாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அதை விரலால் தடவிவிட்டு, இதை வாசித்தவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

தாமரைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். அந்துவானின் கண் இமைக்கவில்லை. தடியைச் சுற்றிய தாளை அவர் மெல்லக் கிழித்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை கிடைக்கும். ஒரு பெண்ணின் கல்யாணம் தன்னால் நின்றுபோனதென்ற பேச்சு அவள் வீடு இருக்கும் முத்தியால்பேட்டை வரை துரத்தும்.

“சவரிநாதர்னு ஒருத்தருங்க,” என்றாள். “இவரோட தாத்தா. நாப்பது வருஷம் அவருதான் வாசிச்சாரு.”

மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பினார். அவர் மனைவி ஆர்கனைப் படம் எடுத்தாள்.

தடி தரையில் ஓங்கி இடித்தது. பாட்டு நின்றது.

அந்துவான் தடியைத் தூக்கிக்கொண்டு நேராக அவளை நோக்கி வந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அவளைத் தாண்டிப் போனார்.

கண்ணைத் திறந்தபோது செய்தித்தாள் கீழே கிடந்தது. ஒரு முனை உள்ளங்கை பட்டுப் பட்டுப் பளபளத்த மரக்கட்டையை, அந்துவான் ஆர்கனின் சதுரத் துளையில் செருகினார். அளவெடுத்தது போல் பொருந்தியது. அவர் ஒருமுறை கீழே அழுத்த, உள்ளே காற்று பெருமூச்சு விட்டது.

நிமிர்ந்து நின்று, சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்.

“இந்தப் பொண்ணு எனக்குப் பயந்துகிட்டுப் பொய் சொல்லுது. எங்க தாத்தா துருத்தி அடிச்சவரு.”