இறங்காத எல்லைக்கல்

ஆற்று முகத்துவாரத்தில் நண்டின் வளைக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது.

"மூன்றாவது வளையும் போச்சு! இனி எங்கே போவேன்?" என்று கத்தியது நண்டு.

"கடல் ஏறிவிட்டது" என்றது எல்லைக்கல். "நான் அசையவே இல்லை. பக்கத்துத் தென்னையும் பம்பு கொட்டகையும் என்னைவிட எப்போதும்போல அதே அளவு உயரமாகத்தானே நிற்கின்றன?"

"அவையும் உங்களோடு சேர்ந்துதான் இறங்குகின்றன, அண்ணே" என்றது அருகே ஒரு தூணிலிருந்த ஜிபிஎஸ் கருவி. "நான் பக்கத்தில் யாரையும் பார்த்து அளப்பதில்லை, செயற்கைக்கோளைக் கேட்டு உயரத்தை அளக்கிறேன். பம்பு நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச மண் அமுங்குகிறது."

"அப்போ பம்பை நிறுத்தச் சொல்லுங்களேன்!" என்று சீறியது நண்டு.

பம்பு சிரித்தது. "இந்தக் கருவி வருவதற்கு முன்னால் நம்மில் யாராவது இறங்கியிருக்கிறோமா?"

"அதானே!" என்றது கல், கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி.