ஒரு கூடையாவது

மறுபடியும் பந்து வளையத்தில் இடித்துக்கொண்டு வெளியே போனது.

ரஜியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து போட்டதில் ஒன்றுகூட விழவில்லை. பலகையில் பட்டது, வளையத்தில் பட்டது, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த லாரி டிரைவர்களில் ஒருவர் தலையில்கூட ஒருமுறை பட்டது. கூடைக்குள் மட்டும் போகமாட்டேன் என்கிறது சனியன்.

உளுந்தூர்பேட்டை கூடைப்பந்து மைதானத்தில் கடலூர்க்காரிகள் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கு இன்னும் முட்டைதான்.

தோற்பது பற்றி யாருக்கும் கவலையில்லை. அது பஸ் ஏறும்போதே தெரிந்த சங்கதி. கவலையெல்லாம் அந்த முட்டைதான். போன வருஷமும் அதைத்தான் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இந்த வருஷமும் அப்படியே வந்தால் டீமைக் கலைத்துவிட்டு, விளையாடுகிற இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டுவிடுவேன் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

ஒரே ஒரு கூடை விழுந்தால் போதும்.

கோச் அமிர்தம் மேடத்திடம் இருந்தது ஒரே திட்டம். பந்து யாருக்குக் கிடைத்தாலும் தங்கமணியிடம் கொடு. தங்கமணி கல்வராயன் மலைப் பெண், டீமிலேயே உயரம். கடலூர்க்காரிகள் என்ன இளிச்சவாய்களா? ஐந்து நிமிஷத்தில் கண்டுகொண்டு, மூன்று பேராக அவளைச் சுற்றி வேலி கட்டிவிட்டார்கள். மேடமோ கோட்டுக்கு வெளியே நின்று அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பந்து கைக்கு வந்ததும் நம் பெண்கள் ஓடமாட்டார்கள். கொஞ்சம் நின்று, முழித்து, அப்புறம்தான் கிளம்புவார்கள். அதற்குள் கடலூர் அந்தக் கோடியில் போய்க் காத்திருக்கும்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்.

கடலூர்க்காரி ஒருத்தி போட்ட பந்து தவறி விழுந்தது. ரஜியா தாவிப் பிடித்தாள். தங்கமணி, தங்கமணி என்று மேடம் கத்தினார். போதும் மேடம் உங்க தங்கமணி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பந்தைத் தட்டியபடி நாலெட்டு வெளியே வந்தாள். சட்டென்று திரும்பினாள். தடுக்க ஒருத்தியும் இல்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது! கை தானாக உயர்ந்தது.

வளையத்தை உரசக்கூட இல்லை. பந்து நேராக உள்ளே இறங்கியது.

யா அல்லா என்று குதித்தாள் ரஜியா. கைதட்டல் கேட்டது. தட்டியவர்கள் கடலூர்க்காரிகள்.

கடலூர் போடவேண்டிய வளையத்தில் போட்டிருந்தாள். கடலூர் கணக்கில் இன்னும் இரண்டு ஏறியது. மதிலோரம் லாரி டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ரஜியாவுக்கு அழுகை வரவில்லை. வீம்புதான் வந்தது. கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்ற தங்கமணி, யாருக்கு எறிவது என்று தெரியாமல் முழித்தாள்.

"எங்கிட்டயே குடுடீ. இப்பத்தான் கை வந்துக்கினு இருக்குது."

வாங்கினாள். இந்தத் தடவை நிற்கவில்லை, திரும்பவில்லை. மைதானத்தின் நீளம் முழுக்க ஓடினாள். கடலூர்க்காரிகள் இன்னும் சிரித்து முடித்தபாடில்லை. முன்பு நின்ற அதே தூரத்தில் நின்று எறிந்தாள். பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்று சுற்றியது, போவதா வேண்டாமா என்று யோசித்தது, உள்ளே விழுந்தது.

தோற்ற டீம் இப்படிக் கட்டிப்பிடித்துக் குதித்ததை உளுந்தூர்பேட்டை பார்த்திருக்காது. அமிர்தம் மேடம் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

விசில் ஊதியதும் கை கொடுக்கும்போது கடலூர் கேப்டனுக்கு ஆவல் தாங்கவில்லை. இவ்வளவு அழகாக எறிகிறவள் முதல் கூடையை ஏன் எங்களுக்குப் போட்டாய் என்று கேட்டே விட்டாள்.

ரஜியா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"எங்க காலேஜில கூடைக் கம்பமே ஒண்ணுதாங்க்கா. ரெண்டு டீமும் அதுலயேதான் போடுவோம்."