பலகையின் மேல் ஒரு சேலை

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேராக வந்து இறங்கினார்கள்.

நல்லம்மாள் ஜன்னல் வழியே எண்ணிப் பார்த்தாள். நல்ல காரியத்துக்கு யாராவது மூன்று பேராகப் புறப்படுவார்களா? நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லையாவது கையில் எடுத்துக்கொண்டு கணக்கை நாலாக்கிக்கொள்வார்கள். கிள்ளானிலிருந்து ரயிலேறி, ரிக்‌ஷா பிடித்து, பிரிக்பீல்ட்ஸ் வரை வந்தவர்களுக்கு ஒரு கல்லுக்கா பஞ்சம்?

மனமில்லாமல் வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

சிவசம்பு, அவர் மனைவி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் மகன். அந்த அம்மாள் கும்பிட்டபோது கூட வலது கையை விரிக்கவில்லை. மூடிய கையின் மேல் மற்றக் கையை வைத்து ஒரு கும்பிடு. பெருமைக்காரி போலிருக்கிறது.

மகள் சிவமலரைப் பார்க்க வரும் மூன்றாவது இடம் இது. முன்னே வந்த இரண்டு கூட்டமும் கை நனைக்காமலே எழுந்து போனது. கோப்பியைத் தொட்டால் சம்மதம், தொடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

விறாந்தையில் உட்கார்ந்தால் வேலியோரக் கிணறு நன்றாகத் தெரியும். அதன் பக்கத்துக் கம்பத்தில் நீலச் சேலை ஒன்று ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

சேலைக்குப் பின்னால் மறைந்திருந்தது சிவப்புப் பலகை.

நல்லம்மாளின் கணவர் சண்முகரத்தினம் சுகாதார இன்ஸ்பெக்டர். முன்பெல்லாம் எந்தக் கிணறு கெட்டது என்பது ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். குடிக்கிறவர்களுக்கும் தெரியவேண்டும், சோதனையில் தவறிய கிணற்றில் அன்றைக்கே தெருவுக்குத் தெரியும்படி சிவப்புப் பலகை தொங்கவேண்டும் என்று இப்போது சட்டம் வந்திருந்தது. கடைக்காரத் தம்புசாமியின் கிணற்றில் மாட்டியபோது அவர் கேட்டார், "ஏங்க ஐயா, உங்க வீட்டுக் கிணறு மட்டும் கங்கையா?"

கங்கையில்லை என்று இன்று காலையில்தான் முடிவு வந்தது. சண்முகரத்தினம் ஆணியும் சுத்தியலுமாகக் கிளம்பிவிட்டார்.

"இண்டைக்கு மட்டும் விடுங்கோவன். அவை போன பிறகு பின்னேரம் மாட்டலாம்" என்று நல்லம்மாள் கெஞ்சினாள். "அதுக்குள்ளை ஆர் சாகப் போயினம்?"

"ரயில்வே லைன் சனமெல்லாம் இதிலைதானே அள்ளுது" என்றார் அவர். நாலே அடியில் ஆணி இறங்கிவிட்டது.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் சேலையை நனைத்துக்கொண்டு வந்து பலகையின் மேல் போட்டாள். விருந்தாளிகளுக்கென்று தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துத்தான் கோப்பி போட்டிருந்தாள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

சிவமலர் கோப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளைப் பையன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், காது சிவந்தது. நல்லம்மாளுக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் கிணற்றடியில் உருளை கிறீச்சிட்டது.

ரயில்வே லைன் வீடுகளில் குடியிருக்கும் வீரம்மா. இடுப்பில் குழந்தை, காலடியில் குடம். வாளி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

சண்முகரத்தினம் கிணற்றுக்கு முதுகு காட்டி, சிவசம்புவோடு கதைத்துக்கொண்டிருந்தார். தட்டை நோக்கி அந்த அம்மாளின் இடது கை மெல்ல நீண்டது.

வாய் திறந்தால் எல்லாம் போயிற்று. கெட்ட கிணறு ஒருபக்கம், அதை மூடி வைத்த தாய் ஒருபக்கம். இந்த வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள்?

வாளி மேலே வந்துவிட்டது. வீரம்மா ஒரு கை தண்ணீரை அள்ளிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

"வீரம்மா! குடுக்காதை!"

நல்லம்மாள் படியிறங்கி ஓடினாள். வீரம்மா திகைத்துப்போய்க் கையை உதறினாள்.

"ஏங்கம்மா? பலகை இல்லேன்னா நல்ல தண்ணின்னு ஐயாதானே சொன்னாரு?"

நல்லம்மாள் கம்பத்தடிக்குப் போனாள். சேலையைப் பிடித்து இழுத்தாள். காலையில் அடித்த பலகை வெயிலில் பளீரென்று சிவந்தது.

விறாந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சண்முகரத்தினம் பலகையைப் பார்த்தார், அவள் கையிலிருந்த சேலையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சிவசம்புவின் மனைவி இறங்கி வந்து பலகையின் முன்னால் நின்றாள். ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள்.

"எங்கடை மூத்தவன் இருந்த இடத்திலையும் கிணறு கெட்டுத்தான் கிடந்தது. ஆபீசில தெரியுமாம். குடிச்சவனுக்குத்தான் தெரியேல்லை" என்றாள்.

இத்தனை நேரம் மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் ரயில்வே உடுப்பின் பித்தளைப் பொத்தான் ஒன்று, வியர்வையில் பளபளத்தது.

"மூண்டு பேரா வரக்கூடாதெண்டு தெரியும், தங்கச்சி. கல்லெடுக்க மனம் வரேல்லை, அவன்ரை இதை எடுத்தன்."

நல்லம்மாள் ஈரச் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். 'அதுக்குள்ளை ஆர் சாகப் போயினம்?' என்று காலையில் கணவனிடம் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது.

அந்த அம்மாள் பொத்தானை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, விறாந்தைப் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை, அந்தக் கோப்பியைக் கொண்டு வா. ஆறப் போகுது."