தடுப்புப் பட்டை இல்லாத தொட்டி

"இதை வரைஞ்சவன் மூளையைத்தான் முதல்ல கலக்கணும், மேடம்!"

வந்தவர் மேசைமேல் கிடந்த வரைபடத்தைச் சுண்டுவிரலால் தள்ளிவிட்டார். கலக்கும் தொட்டிகள் செய்யும் அந்த நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளர் வேலைக்கு நேர்காணல். அவர் வேலை பார்த்த பழைய கம்பெனியை இழுத்து மூடி எட்டு மாதமாகிறது. இதுவும் போனால் மாமனார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்க நிற்க வேண்டியதுதான். அப்படியும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"என்ன தப்பு?" என்று கேட்டார் முதலாளியம்மா. வரைந்தவர் பெயர் தெரியாதபடி படத்தின் மூலையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது.

"உள்சுவர்ல தடுப்புப் பட்டை எங்கே? நாலு பட்டை நின்னாத்தானே சுத்தற தண்ணி மோதிக் கலங்கும்? இல்லேன்னா மொத்தமும் ராட்டினம் ஆடும். பவுடரைக் கொட்டினா மேலேயே ஊர்வலம் போகும்."

"அப்புறம்?"

"கலக்கியைப் பாருங்க! தொட்டி அகலத்துல பாதி இருந்தாப் போதும். இவன் சுவரை உரசற மாதிரி ரிப்பன் சுத்தி வெச்சிருக்கான். தொட்டி செய்யறானா, பரிசுப் பொட்டலம் கட்டறானா?"

அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"உள்ளே என்ன ஊத்தறாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"எதை ஊத்தினா என்ன மேடம், தொட்டி தொட்டிதானே?"

"பசை. கரண்டியை நட்டு வெச்சா அப்படியே நிக்கற கெட்டி. அது ராட்டினம் ஆடாது. பட்டை வெச்சா அதுக்குப் பின்னாடி தேங்கிப் பாறையாயிடும். சுவர்ல ஒட்டினதை வழிக்கத்தான் அந்த ரிப்பன்."

வந்தவர் மேசையிலிருந்த டம்ளரை எடுத்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துச் சமாளித்தார்.

"அட, அதை ஓரமா ஒரு வரி எழுதித் தொலைச்சிருக்கலாம்ல? எவனோ கத்துக்குட்டி. அவனை வரச் சொல்லுங்க மேடம். என் கீழே வெச்சு ரெண்டே மாசத்துல தேத்திடறேன்."

"வரச் சொல்லித்தான் போன வாரமே கடிதம் போட்டோம்" என்றபடி அந்த அம்மா துண்டுத்தாளை நகத்தால் உரித்தார்.

அடியில் வந்தவருடைய பெயர், அவருடைய கையெழுத்து.

"விண்ணப்பத்தோட நீங்க அனுப்பின ஏழு படத்துல இது மூணாவது. 'முழுக்க என் சொந்த வடிவமைப்பு'ன்னு மேலே எழுதியிருக்கீங்க."