நான்கு நாள் தூரத்துச் சுனை

காட்டில் தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது என்று படம் வரைவது பருந்தின் உத்தியோகம். வானத்திலிருந்து பார்த்து வரைந்ததால், மரங்களுக்கு அடியில் இருந்த சுனை அதில் விழவே இல்லை. யாரும் கேட்காமலே ஆமை நடந்துபோய் அதைக் கண்டுபிடித்தது. திரும்பி வந்ததும் பாறையில் கீறி வைத்தது: 'சுனை. வடக்கே. நான்கு நாள்.'

மறுநாள் குட்டியோடு வந்த மான் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டது.

"நாலு நாளா? இவன் சாயங்காலம் வரைக்கும் தாங்கமாட்டான்."

அப்போதுதான் ஆமை அதன் நீண்ட கால்களைக் கவனித்தது. "ஐயோ, அது என் நடைக்கு. நீ எழுந்து ஓடு!"

பாறையின் நிழல் நகர்வதற்குள் மானும் குட்டியும் ஈர வாயோடு திரும்பிவிட்டன.

"இப்படியா எழுதி வைப்பே? என் பிள்ளை செத்திருப்பானே!"

"படம் போடறது தெரிஞ்சவங்க வேலை. உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றது கிளையிலிருந்த பருந்து.

ஆமை 'நான்கு நாள்' என்பதைச் சுரண்டி அழித்தது. "உனக்கு எத்தனை தாவல்?" என்று மானைக் கேட்டது.

"அதையெல்லாம் யார் எண்ணினா?"

போய்வந்த அலுப்பே ஆமைக்கு இன்னும் தீரவில்லை. பெருமூச்சு விட்டபடி மானின் முதல் குளம்புத் தடத்தருகே போய் நின்று, "ஒண்ணு" என்றது. பிறகு அடுத்த தடத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.