நாற்பது மில்லிசெக்கன்

"ஒம்பது மணிக்கு வேலைக்கு வர்றவங்க, நாப்பது மில்லிசெக்கனுக்குச் சண்டை பிடிக்கிறாங்க சேர்."

மேலாளர் ஹென்றியின் மேசைக்கு முன்னால் நின்று கிஷான் பொரிந்து தள்ளினான். பல்லேகலவில் இருந்த அந்த மருத்துவக் கருவித் தொழிற்சாலைக்கு எல்லோரும் எட்டரைக்கு வர வேண்டும். சோதனைப் பிரிவு பஸ்லினா மட்டும் தினமும் ஒன்பதுக்குத்தான் வருவார்.

கிஷான் எழுதியது, நோயாளிக்கு மருந்தேற்றும் பம்ப்பின் மென்பொருள். குழாயில் காற்றுக்குமிழி தெரிந்தால் நூறு மில்லிசெக்கனுக்குள் பம்ப் நிற்க வேண்டும். பஸ்லினா பத்தாயிரம் தடவை சோதித்தார். ஒரே ஒரு தடவை நூற்று நாற்பது ஆனது. கையெழுத்துப் போட முடியாது என்று பைலை மூடிவிட்டார்.

"நின்னுச்சுதானே மிஸ்?" என்று அப்போதே அவரிடம் கேட்டிருந்தான் கிஷான்.

"பிந்தி நின்டா நிக்காத மாதிரித்தான் தம்பி. குமிழி உள்ளுக்குப் போயிரும்."

மண்டையை உடைத்துக்கொண்டு தேடியதில் காரணம் அகப்பட்டது. மென்பொருளுக்குள் பதிவு எழுதும் சில்லறை வேலை ஒன்று, 'நில்' என்ற கட்டளைக்கு வழிவிடாமல் நின்றிருந்தது, ஆம்புலன்ஸை மறித்த த்ரீவீல் மாதிரி. திருத்திவிட்டான். ஆனால் பத்தாயிரத்தையும் முதலிலிருந்து சோதிப்பேன் என்றார் பஸ்லினா. வெள்ளிக்கிழமை பம்ப் வெளியே போகாது. அவன் வேலை நிரந்தரமாவதும் தள்ளிப் போகும். பிழை தன்னுடையது என்பதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

"முதல்ல அவங்களை நேரத்துக்கு வரச் சொல்லுங்க சேர்."

ஹென்றி நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு ஏழரைக்கு ஆஸ்பத்திரி பிள்ளைகள் வார்டுக்குப் போங்க. நம்ம பழைய பம்ப் ஆறு இருக்கு. பாத்துட்டு வாங்க."

மறுநாள் வார்டு வாசலிலேயே கிஷான் நின்றுவிட்டான். உள்ளே, இன்னும் யாருக்கும் பூட்டாத ஒரு பம்ப்புக்கு முன்னால் பஸ்லினா குந்தியிருந்தார். குழாயில் ஒரு குமிழியை விட்டார். பம்ப் நின்றது. அடுத்த பம்ப்புக்கு நகர்ந்தார்.

"அவங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின பம்ப்பாம்," என்றார் பக்கத்தில் வந்த தாதி றேணுகா. "ஆறையும் தன் கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறுமாம். யாரும் வரச் சொல்லல. அவங்களா வர்றாங்க."

கிஷானுக்கு வெட்கமாக இருந்தது. அவரோடு வேலை செய்வது பெருமையாகவும் இருந்தது.

"தினமுமா?"

"தினமும் ஏழரைக்கு. இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாள் பிந்தினதில்ல."